மூணு வாரம், அஞ்சு ரோல், ஒரே ஆரஞ்சு கலர்

பீரோவுல பட்டுப் புடவைங்களுக்கு அடியில ஒரு மஞ்சப்பை இருந்துச்சு, உள்ள பட்டர் பேப்பர் கவர்ல சொருகி வச்ச நெகட்டிவ் ஸ்ட்ரிப்புங்க, பாச்சா உருண்டை வாசனையோட. அம்மா அப்பா கல்யாணம், 1989. அஞ்சு ரோல், ரோலுக்கு 36 படம். ஆல்பத்துல இருக்குற பிரிண்ட் எல்லாம் செவந்து போயி, ஒட்டுற பிளாஸ்டிக் ஷீட்டோட சேந்து ஒட்டிக்கிட்டு, பிச்சா மூஞ்சியும் சேந்து வரும்ங்கிற நிலைமை. சரி நெகட்டிவ்தான் இருக்கே, போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல இன்வர்ட் பண்ணா, அதாவது கலரைத் தலைகீழா மாத்துனா, முடிஞ்சுது, ஒரு ஞாயித்துக்கிழமை வேலைன்னு நெனச்சேன். மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரத்துல இன்வர்ட் பட்டனை அமுக்குன நேரத்தை மட்டும் கூட்டுனா பத்து நிமிஷம் கூட வராது.

மொதல் நாள் பண்ணது எல்லாரும் பண்றதுதான். லேப்டாப்ல வெள்ளை ஸ்க்ரீனைத் தொறந்து, மேல ஸ்ட்ரிப்பை வச்சு, போன்ல ஒரு கிளிக். போன்லயே இன்வர்ட் போட்டா மணமேடை மொத்தமும் நீலமும் பச்சையும் கலந்த ஒரு குளத்துக்குள்ள முங்குன மாதிரி வந்துச்சு, ஐயர் நீலம், அப்பா நீலம், தேங்காய் கூட நீலம். போதாக்கொறைக்கு படம் முழுக்க கொசுவலை மாதிரி கட்டம் கட்டமா இருந்துச்சு, அது லேப்டாப் ஸ்க்ரீனோட பிக்சல். கட்டத்துக்கு வைத்தியம் சுலபம், பிலிமை ஸ்க்ரீன் மேல ஒட்டி வைக்காம நாலஞ்சு சென்டிமீட்டர் தூக்கி வச்சு நடுவுல பால் வெள்ளை அக்ரிலிக் ஒண்ணு கொடுத்தா பிக்சல் காணாமப் போயிடும். நேம் போர்டு செய்ற கடையில வெட்டிப் போட்ட துண்டு கேட்டேன், காசே வாங்கல.

நீலம் ஏன் வருதுன்னு புரியத்தான் நாலு நாள் ஆச்சு. கலர் நெகட்டிவ்வைக் கையில எடுத்துப் பாத்தீங்கன்னா படமே இல்லாத ஓரம் கூட ஆரஞ்சா இருக்கும். நான் சின்ன வயசுலருந்து அது பிலிம் பிளாஸ்டிக்கோட கலர்னு நெனச்சுட்டு இருந்தேன், இல்ல. பிலிம்ல மூணு அடுக்கு, கழுவும்போது அதுல சியான், மஜெண்டா, மஞ்சள்னு மூணு சாயம் உருவாகும். இந்தச் சாயம் எதுவும் சுத்தம் கிடையாது. மஜெண்டா பச்சையை மட்டும்தான் தடுக்கணும், ஆனா கொஞ்சம் நீலத்தையும் சேத்துத் தடுக்கும், சியானும் செவப்போட நிக்காம பச்சையிலயும் நீலத்துலயும் கொஞ்சம் கை வைக்கும். இதைச் சரி பண்ணத்தான் சாயமா மாற வேண்டிய கெமிக்கலுக்கே முன்னாடியே ஒரு கலர் குடுத்து வச்சிருக்காங்க. சாயம் உருவாகுற எடத்துல அந்தக் கலர் அழிஞ்சுடும், உருவாகாத எடத்துல அப்படியே நிக்கும், ரெண்டையும் கூட்டிப் பாத்தா சாயத்தோட அழுக்கு படம் முழுக்க ஒரே சீரா பரவுன மாதிரி ஆயிடும். 1940-கள்ல கோடாக்ல வேலை பாத்த ஹான்சன்ங்கிறவர் கண்டுபிடிச்ச வித்தை இது. ஒரே சீரா இருக்குற அழுக்கைக் கழிக்கிறது ஈஸி, ஸ்டூடியோ லேப்ல பிரிண்ட் போடும்போது பில்டர் வச்சுக் கழிச்சுடுவாங்க, நாமதான் கழிக்காம நேரா இன்வர்ட் பண்றோம்.

கிம்ப்னு படம் திருத்துற சாப்ட்வேர் ஒண்ணு இருக்கு, அதுல ஒவ்வொரு கலரையும் 0-லருந்து 255 வரைக்கும் அளக்கலாம். என் பிலிம் ஓரத்தை அதுல கலர் பிக்கர் வச்சுத் தொட்டா செவப்பு 228, பச்சை 140, நீலம் 96. இன்வர்ட்னா 255-லருந்து கழிக்கிறது, அவ்ளோதான், வேற மந்திரம் ஒண்ணும் இல்ல. கழிச்சுப் பாருங்க, 27, 115, 159. அதான் அந்தக் குளத்துக் கலர். அந்த ஓரம் வெளிச்சமே படாத எடம், படத்துல அது கன்னங்கரேல்னு வரணும், அதாவது மூணுமே 0 வரணும். அப்போ இன்வர்ட்டுக்கு முன்னாடி அந்த ஓரம் மூணு சேனல்லயும், அதாவது மூணு கலர்லயும், 255 ஆகணும். இந்த ஒரு கணக்கு மண்டையில ஏறுனதுக்கு அப்புறம்தான் வேலை வேலையா நடந்துச்சு.

அதுக்கு முன்னாடி போனை ஓரமா வச்சுட்டு கேமராவுக்கு மாறுனேன். ரொம்பக் கிட்ட இருந்து எடுக்குற மேக்ரோ லென்ஸ் வெலை கேட்டுட்டு மூடிட்டு வந்துட்டேன், இருக்குற 50 எம்எம் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டுற எக்ஸ்டென்ஷன் ட்யூப் செட் வாங்குனேன், அதுல 12, 20, 36 எம்எம்னு மூணு வளையம் வரும். நெகட்டிவ் படம் 36-க்கு 24 எம்எம், என் கேமரா சென்சார் அகலம் கிட்டத்தட்ட 23.5, அப்போ மூணுல ரெண்டு பங்கா சின்னதாக்கி விழ வச்சா போதும், அதுக்கு 50 எம்எம் லென்ஸைக் கேமராவுலருந்து கிட்டத்தட்ட 33 எம்எம் தள்ளணும். 12-ம் 20-ம் சேத்தா 32, அது போதும்! மூணையும் மாட்டி மொதல்ல பாதிப் படம்தான் தெரிஞ்சுது, அதுல ஒரு மணி நேரம் போச்சு. ட்ரைபாடைக் குனிய வச்சு கேமராவைக் கீழ பாக்க வச்சேன், ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ரெண்டு செகண்ட் டைமர். பிலிமைப் பிடிக்க கறுப்பு சார்ட் அட்டையில ஜன்னல் வெட்டி ரெண்டு அட்டைக்கு நடுவுல சொருகுற மாதிரி பண்ணிக்கிட்டேன். ஜன்னலைச் சுத்தி வெளிச்சம் ஒழுகக் கூடாது, ஒழுகுனா படம் மேல பால் ஊத்துன மாதிரி வெளுத்துடும். கண்ணாடியால அமுக்குறதும் வேணாம், அமுக்குன எடத்துல எண்ணெய் மெதக்குற மாதிரி வானவில் வளையம் வளையமா விழும்.

படம் எல்லாம் லேசா ஆடியிருந்துச்சு. லென்ஸைச் சந்தேகப்பட்டேன், ட்யூபைச் சந்தேகப்பட்டேன், கடைசியில பாத்தா மேல ஓடுற பேனு. மாடி ரூம்ல சீலிங் பேன் ஓடுனா தரையே லேசா அதிரும், நமக்குத் தெரியாது, இந்த அளவு பெருசாக்கிப் பாக்கும்போது கேமராவுக்குத் தெரியும். பேனை நிறுத்துனா வேர்வை, வேர்வைக் கையோட பிலிமைத் தொட்டா ரேகை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல பண்ணேன், துணிக் கையுறை போட்டுக்கிட்டு.

கிம்ப்ல டிவைட்னு ஒரு லேயர் மோடு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி அதான். படத்துக்கு மேல புதுசா ஒரு லேயர் போட்டு, பிலிம் ஓரத்துல பிக் பண்ண ஆரஞ்சை அதுல நெரப்பி, மோடை டிவைட்டுக்கு மாத்துனா கீழ இருக்குற கலரை மேல இருக்குற கலரால வகுக்கும். ஆரஞ்சை ஆரஞ்சால வகுத்தா 1, அதாவது வெள்ளை. ஓரம் அப்படியே பளிச்னு வெளுத்துடும், பாக்கவே ஒரு மாதிரி சொகமா இருக்கும். ரெண்டு லேயரையும் ஒண்ணாக்கிட்டு கலர்ஸ் மெனுல இன்வர்ட். இப்போ குளம் வத்திப் போயி மனுசங்க கலர் வந்துச்சு, ஆனா சோகை பிடிச்ச மாதிரி மங்கலா. பயப்பட வேணாம், அது அப்படித்தான் வரும், நெகட்டிவ் பிலிமே வேணும்னு காண்ட்ராஸ்ட் கம்மியா செஞ்சது, எக்ஸ்போஷர் முன்ன பின்ன ஆனாலும் தாங்கணும்ல, பிரிண்ட் போடுற பேப்பர்தான் அந்தக் காண்ட்ராஸ்டைத் திருப்பிக் குடுக்கும். நமக்குப் பேப்பர் இல்ல, கிம்ப்ல இருக்குற லெவல்ஸ்ங்கிற கருவிதான். லெவல்ஸ்ல செவப்பு, பச்சை, நீலம்னு தனித்தனியா சேனலை எடுத்து, எந்த அளவுல எத்தனை பிக்சல் இருக்குன்னு காட்டுற, மலை மாதிரி தெரியுற ஹிஸ்டோகிராம் எங்க ஆரம்பிக்குதோ அங்க கறுப்பு முக்கோணம், எங்க முடியுதோ அங்க வெள்ளை முக்கோணம். நடுவுல இருக்குற முக்கோணத்தைக் கடைசியாத் தொடுங்க, கலர் சாயுறது எல்லாம் அதுல சரியாகும்.

ஒண்ணு மறந்துட்டேன், லெவல்ஸுக்கு முன்னாடி படத்தை மட்டும் விட்டுட்டு ஓரத்தையும் சைடுல இருக்குற ஓட்டையையும் கிராப் பண்ணிடணும். ஓட்டை வழியா வர்றது நேரடி வெளிச்சம், அது ஹிஸ்டோகிராம்ல ஒரு ஓரமா ஒக்காந்துக்கிட்டு ஆட்டோ லெவல்ஸை ஏமாத்திடும். ஆரஞ்சு பிக் பண்ண ஓரம் வேணும், பிக் பண்ணி முடிச்ச உடனே ஓரம் வேணாம்.

கேமராவுல ஜேபெக்ல எடுக்காதீங்க, அதுக்குக் காரணம் இருக்கு. ஆரஞ்சு பிலிம் நீலத்தை ரொம்பத் தடுக்கும், அதனால நீலச் சேனல்ல இருக்குற விஷயம் எல்லாம் 20-லருந்து 96 வரைக்கும்னு ஒரு சின்ன சந்துக்குள்ள அடைஞ்சு கெடக்கும். ஜேபெக்ல மொத்தமே 256 படி, அதுல 76 படியை இழுத்து 256-ஆ விரிச்சா சும்மா இருக்குமா, மண்டபத்துச் செவுரு பட்டை பட்டையா வந்துச்சு. சென்சார்ல விழுந்ததை அப்படியே வச்சுக்குற ரா (RAW) பைலா எடுத்து, ரா பைலைத் தொறக்குற டார்க்டேபிள்ங்கிற சாப்ட்வேர்ல தொறந்து, படி ரொம்ப அதிகமா இருக்குற 16 பிட் டிஃப் (TIFF) பைலா எடுத்துட்டு வந்து கிம்ப்ல போட்டப்போ பட்டை போயிடுச்சு. கிம்ப் 2.10-க்கு அப்புறம்தான் இந்த 16 பிட் எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது, பழைய வெர்ஷன் வச்சிருந்தா மாத்திக்குங்க.

மொத ரோலை முடிச்சு அம்மாகிட்ட காட்டுனேன். பாத்துட்டு, "ஏண்டா, எல்லாரும் குஜராத்திக்காரங்க மாதிரி வலது தோள்ல முந்தானை போட்டுருக்கோம்"னாங்க. பிலிமைத் தலைகீழா வச்சு எடுத்திருக்கேன், 36 படமும் கண்ணாடியில பாக்குற மாதிரி. பிலிம்ல ஒரு பக்கம் பளபளன்னு இருக்கும், ஒரு பக்கம் மங்கலா இருக்கும், மங்கல் பக்கம்தான் மருந்து பூசுன பக்கம். பளபளப்பு பக்கத்துலருந்து பாத்தா ஓரத்துல இருக்குற நம்பரும் பிலிம் பேரும் நேரா படிக்க வரும். நல்லவேளை, கிம்ப்ல திருப்புறதுக்கு ஒரு கிளிக்தான். ஆனா வாட்ஸப் குரூப்ல ஏற்கனவே அனுப்பியாச்சு, சித்தப்பா மகன் இன்னும் "ஜெய் குஜராத்"னு ஓட்டிட்டு இருக்கான்.

அடுத்து வெள்ளை எது, கறுப்பு எதுன்னு ஒரு பஞ்சாயத்து. லெவல்ஸ்ல டிராப்பர் இருக்கும், வெள்ளையா இருக்க வேண்டிய எடத்தைத் தொட்டா மத்ததை அதுவே பாத்துக்கும். கல்யாணப் படத்துல வெள்ளைக்குப் பஞ்சமா, மாப்பிள்ளை வேட்டியைத் தொட்டேன். மறுபடியும் எல்லாம் நீலம் அடிச்சுது! பட்டு வேட்டி, அது வெள்ளை இல்ல, சந்தனத்துக்கும் பாலுக்கும் நடுவுல ஒரு கலர், அதைப் போயி வெள்ளைன்னு சொன்னா சாப்ட்வேர் மஞ்சளை எல்லாம் உருவிடுது. அப்புறம் கோலத்தைத் தொட்டுப் பாத்தேன், பின்னாடி பந்தியில ஓடுறவரோட காட்டன் வேட்டியைத் தொட்டுப் பாத்தேன், அதான் ஒத்து வந்துச்சு. தாத்தா நெத்தி விபூதியும் நல்ல அளவுகோல், ஆனா ரொம்ப கிட்ட எடுத்த படமா இருக்கணும். வாழை எலையைக் கடைசியாப் பாப்பேன், எலை எலையா தெரிஞ்சா மத்தது எல்லாம் ஓரளவு சரியாத்தான் இருக்கும்.

அப்படியும் மணமேடைப் படம் எல்லாம் பாதி சரியா பாதி மஞ்சளா வந்துச்சு. ரொம்ப நேரம் என் தப்புன்னே நெனச்சேன். அம்மாதான் சொன்னாங்க, வீடியோக்காரர் ஒரு பெரிய லைட்டை ஒரு பையன் கையில குடுத்து தூக்கிப் பிடிக்கச் சொன்னாருன்னு, மேக்கப் எல்லாம் உருகிப் போச்சாம். அதான் விஷயம், முன்னாடி ஸ்டில் கேமராக்காரர் பிளாஷ், சைடுல மஞ்ச ஹாலஜன், பிலிம் பகல் வெளிச்சத்துக்குச் செஞ்சது, ஒரே படத்துக்குள்ள ரெண்டு வெளிச்சம் இருக்கும்போது ஒரே செட்டிங் எப்படி ஒத்து வரும். லேயரை டூப்ளிகேட் போட்டு, ஒண்ணை எடப்பக்கத்துக்கும் ஒண்ணை வலப்பக்கத்துக்கும் சரி பண்ணி, நடுவுல மாஸ்க் வச்சு கிரேடியன்ட் இழுத்தேன். நூறு மார்க் இல்ல, எழுபது குடுக்கலாம்.

புடவைதான் கடைசி வரைக்கும் படுத்துச்சு. ஆல்பத்துல அது காஞ்ச செங்கல் கலர், என் படத்துல கத்திரிப்பூ, அம்மா சொல்றது அரக்கு. நெகட்டிவ்வுக்குள்ள "இதான் சரியான கலர்"னு எதுவும் எழுதி வைக்கல, அன்னைக்கு பிரிண்ட் போட்டவரும் தன் கண்ணுக்குப் பட்டதைத்தான் போட்டிருப்பாரு. ஆனா சாட்சி பீரோவுலயே இருக்கே. புடவையை எடுத்து மொட்டை மாடியில காலை வெயில் நேரடியாப் படாத நெழல்ல விரிச்சு, பக்கத்துல ஒரு வெள்ளைப் பேப்பர் வச்சு போட்டோ எடுத்து, அதைக் கம்ப்யூட்டர்ல ஒரு பக்கமும் கல்யாணப் படத்தை ஒரு பக்கமும் வச்சுக்கிட்டு லெவல்ஸ்ல நீலச் சேனல் நடு முக்கோணத்தை 1.00-லருந்து 0.86 வரைக்கும் கொண்டு வந்தேன். கத்திரிப்பூ போயி அரக்கு வந்துச்சு, மூஞ்சியில இருந்த ஊதாவும் போச்சு. ஜரிகை மட்டும் இன்னும் கொஞ்சம் பச்சையா அடிக்குது, விட்டுட்டேன்.

ரெண்டாவது ரோல்லருந்து கிம்ப்பை டச்சப்புக்கு மட்டும் வச்சுக்கிட்டேன். டார்க்டேபிள்ல 3.2 வெர்ஷன்லருந்து, அதாவது 2020-லருந்து, நெகடாக்டர்னு ஒரு மாட்யூல் இருக்கு, நான் டிவைட் லேயர்ல கஷ்டப்பட்டுப் பண்ணதை அதுவே முறைப்படி பண்ணும். ஓரத்து ஆரஞ்சை ஒரு தடவ பிக் பண்ணிட்டா அந்த ரோல் முழுக்க அதே ஆரஞ்சுதான், ஒரு படத்துல செஞ்சதை காப்பி பண்ணி மத்த 35-க்கும் பேஸ்ட் பண்ணிடலாம். ரோல் மாறுனா மட்டும் மறுபடி பிக் பண்ணணும். இதை மொதல்லயே பண்ணியிருக்கலாமேன்னு கேப்பீங்க, கையால ஒரு தடவ பண்ணாம இருந்தா அந்த மாட்யூல்ல இருக்குற ஒரு ஸ்லைடர் கூட எனக்குப் புரிஞ்சிருக்காது.

நாலாவது ரோல்ல ஒரு ஸ்ட்ரிப் பட்டர் பேப்பரோட ஒட்டிப் போயிருந்துச்சு, பூசணமும் இருந்துச்சு. ஊற வச்சுப் பிரிக்கலாம்னு டிஸ்டில்டு வாட்டர்ல போட்டேன், அதான் நான் பண்ண பெரிய தப்பு. பூசணம் தின்ன ஜெலட்டின் தண்ணியில கரையும்னு அப்புறம்தான் படிச்சேன். பந்திப் படம் ரெண்டு, என் கண்ணு முன்னாடியே கூழா வழிஞ்சு கிண்ணத்துக்கு அடியில போச்சு. பூசணம் பிடிச்ச பிலிமைத் தண்ணி பக்கமே கொண்டு போகாதீங்க, தெரிஞ்ச ஆளுகிட்ட குடுங்க, இல்ல அப்படியே போட்டோ எடுத்துட்டு சாப்ட்வேர்ல துடைங்க.

தூசிக்கு ஒரு சொந்தக்காரர் வச்சிருந்த பிலிம் ஸ்கேனரை ஒரு நாள் வாங்கிப் பாத்தேன். அது இன்ப்ராரெட்ல ஒரு தடவ தனியா ஸ்கேன் பண்ணும், கலர் சாயம் இன்ப்ராரெட்டுக்குக் கண்ணாடி மாதிரி, தூசியும் கீறலும் மட்டும் தெரியும், தெரிஞ்ச எடத்தை அதுவே ஒட்டுப் போட்டுடும். பிரமாதமா இருந்துச்சு. அந்தத் தெம்புல அப்பாவோட காலேஜ் கால கறுப்பு வெள்ளை பிலிமைப் போட்டேன், அக்ஃபா கிளிக் த்ரீ பாக்ஸ் கேமராவுல 120 ரோல் போட்டு எடுத்தது, ரோலுக்கு 12 சதுரப் படம். மூக்கு முழி எல்லாம் தேச்சு விட்ட மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா கறுப்பு வெள்ளையில படமே வெள்ளித் துகள், வெள்ளி இன்ப்ராரெட்டை மறைக்கும், ஸ்கேனர் படத்தையே தூசின்னு நெனச்சுடுச்சு. அதை ஆஃப் பண்ணிட்டு டீசாச்சுரேட், இன்வர்ட், லெவல்ஸ், அவ்ளோதான். ஆரஞ்சு இல்லாத பிலிம் எவ்ளோ நிம்மதி.

இதுல இன்னொண்ணும் வெளங்குச்சு. ரெண்டாவது ரோல்ல ஒரு ஸ்ட்ரிப் பாதியில வெட்டியிருந்துச்சு. 1995 அக்டோபர் 24 சூரிய கிரகணத்துக்கு நாங்க வெட்டி, ரெண்டா மடிச்சு, கண்ணுல வச்சு சூரியனைப் பாத்தது அது. சாயம் வெளிச்சத்தை மட்டும் மங்கலாக்கும், இன்ப்ராரெட்டை நேரா கண்ணுக்குள்ள விட்டுடும், ஸ்கேனருக்கு வசதியா இருக்குற அதே குணம். கண்ணு தப்பிச்சது எங்க அதிர்ஷ்டம், பிள்ளைங்க கையில அப்படி எதுவும் குடுத்துடாதீங்க.

அஞ்சாவது ரோல்ல தாலி கட்டுற படம். ஆல்பத்துல பிளாஷ் பட்ட முன் வரிசை மட்டும் தெரியும், தூணுக்குப் பின்னாடி எல்லாம் கறுப்பு. பேப்பரை விட பிலிம் நெறைய பிடிச்சு வச்சிருக்கும்னு படிச்சிருந்தேன், கர்வ்ஸ்ல நெழலை மட்டும் மெதுவா தூக்கிப் பாத்தேன். சொரசொரன்னு கிரெய்னோட தூணுக்குப் பின்னாடி ஒரு பொம்பளை நின்னு எட்டிப் பாத்துட்டு இருக்காங்க. அம்மாவைக் கூப்பிட்டேன், "இது யாரும்மா?"

கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. "உங்க சின்ன அத்தடா"ன்னாங்க. நாத்தனார் முடிச்சு போட பெரிய அத்தையைக் கூப்பிட்டுட்டாங்கன்னு கோவிச்சுக்கிட்டு கல்யாணத்துக்கே வரலைன்னு எங்க வீட்டுல முப்பது வருஷத்துக்கு மேல சொல்லிட்டு இருக்குறது அவங்களைத்தான். அம்மா என் போனைப் பிடுங்கி ஸ்க்ரீனை அப்படியே ஒரு போட்டோ எடுத்துட்டு, ராத்திரி பன்னெண்டு மணின்னு கூட பாக்காம அத்தைக்கு போன் போட ஆரம்பிச்சுட்டாங்க. நான் பேனைப் போட்டுட்டு வந்து ஒக்காந்தேன்.